விடுதலைப் பத்திரம்

அந்தச் சின்னக் கருவியின் மேல் அக்கா கட்டைவிரலை ஐந்து முறை வைத்தாள். ஐந்து முறையும் கணினி அதை ஏற்கவில்லை. "முடியில் லேசாகத் தேய்த்துவிட்டு வையுங்கள் அக்கா" என்றாள் கணினி முன்னால் இருந்த பெண். அக்கா புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்தாள். காதோர முடியில் தேய்த்தாள். மறுபடியும் வைத்தாள். வெளியே நல்ல மழை. 2019 ஜூலை மாதம். சார்பதிவாளர் அலுவலகத்தின் அந்த அறைக்குள் நனைந்த குடைகளோடு பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து நின்றிருந்தோம். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விடத் தொடங்கியிருந்தார்கள். அக்காவின் முகத்தில் ஏதோ தப்புச் செய்துவிட்டவளின் கூச்சம்.

அக்காவின் விரல்களில் ரேகை இல்லை. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அவள் அண்டி ஆபீஸுக்குப் போனாள். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. முந்திரிக்கொட்டையை எங்கள் பக்கத்தில் அண்டி என்போம். முந்திரி ஆலைக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். வறுத்த கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து ஓர் எண்ணெய் வரும். கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். தோலை அரித்துவிடும். கையில் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனி வெந்து, உரிந்து, காய்த்து, மறுபடியும் வெந்துபோகும். முப்பத்தைந்து வருடம் அக்கா இந்த வேலை செய்திருக்கிறாள். அந்தக் கூலியில்தான் நான் கல்லூரிக்குப் போனேன், தம்பி பாலிடெக்னிக் படித்தான்.

கடைசியில் இடது கையின் ஆள்காட்டி விரல் பதிந்தது. சார்பதிவாளர் தலையை நிமிர்த்தி, "நீங்கள் எழுதிக் கொடுப்பதில் உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். அது அவருடைய கடமை.

"சம்மதம்தான் சார்" என்றாள் அக்கா.

அடுத்து நான். என் கட்டைவிரல் முதல் தடவையிலேயே பதிந்தது. நானும் சம்மதம் என்றேன்.

நாங்கள் எழுதிக் கொடுத்த ஆவணத்துக்குப் பதிவுத்துறையில் உள்ள பெயர் விடுதலைப் பத்திரம். கூட்டுச் சொத்தில் ஒருவருக்குள்ள பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பது. குமரி மாவட்டத்தில் சகோதரனோடு பிறந்த பெண்களில் நிறையப் பேர் வாழ்க்கையில் ஒருமுறையாவது இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். அப்பா இறந்த துக்கம் ஆறுவதற்குள் யாராவது ஒரு பெரியப்பாவோ மாமாவோ அதை வாயெடுத்துச் சொல்லிவிடுவார். "சகோதரிமார் ஒரு விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது." விடுதலை என்ற சொல் இவ்வளவு எளிதாகப் புழங்கும் இடம் வேறெதுவும் எனக்குத் தெரியாது. நான் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை. அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அன்று முத்திரைத்தாளில் அதைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ புரண்டது. அங்கே விடுதலையாவது நிலம். எங்களிடமிருந்து விடுதலை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு அறுபது சென்ட் புரையிடம். ஓர் ஓட்டு வீடு, ஒரு கிணறு, தென்னைகள், இரண்டு பலா, பின்பக்கச் சரிவில் கொஞ்சம் ரப்பர். உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோனார். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் எங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. அம்மாவுக்கு இருபது சென்ட். எங்கள் மூவருக்கும் தலைக்குப் பதின்மூன்றே கால் சென்டுக்குச் சற்று மேல். ஆண், பெண் என்ற வேற்றுமை அந்தச் சட்டத்தில் இல்லை.

இந்தச் சமத்துவம் எங்கள் வாசலுக்கு வந்துசேர்ந்த கதை நீண்டது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன்பு திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே கிறிஸ்தவர்களுக்கு 1916-இல் ஒரு வாரிசுரிமைச் சட்டம் போட்டார்கள். மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு, அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. அதுவும் சீதனம் என்ற பெயரில். கல்யாணத்தில் கொடுத்தாயிற்று என்றால் அத்தோடு சரி. விதவைக்கோ ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் பாத்தியம் மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போயிற்று. இத்தனைக்கும் சில வட்டங்களில் சில பிரிவினரிடையே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு கொடுக்கும் வழக்கம் இருந்ததை ஒப்புக்கொண்டு, அவர்களுக்கு அந்தச் சட்டமே விலக்கும் அளித்திருந்தது. சமபங்கு என்பது யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்த விசித்திரம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் வழக்குத் தொடுத்து, 1986 பிப்ரவரி 24-இல் உச்சநீதிமன்றம் திருவிதாங்கூர்ச் சட்டம் 1951-லேயே காலாவதியாகிவிட்டது, அன்றிலிருந்து 1925-ஆம் ஆண்டுச் சட்டம்தான் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1951-இல் நாங்களும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தோம். ஆகவே அந்தத் தீர்ப்பின் நியாயம் எங்களுக்கும் உரியது.

அக்காவுக்கு 1991-இல் கல்யாணம். பதினைந்து பவுன், நாற்பதாயிரம் ரொக்கம். எனக்கு 1998-இல் முப்பது பவுன். மாப்பிள்ளை அரசு வேலையில் இருந்ததால் விலை கூடியிருந்தது. வீட்டுக்குள்ளேயே மகளுக்கும் மகளுக்கும் நடுவில் இத்தனை தூரம். பத்திரத்தில் ஏற வேண்டிய பங்கு அதற்கு முன்பே நகைக்கடையிலும் சம்பந்தி வீட்டிலும் தீர்ந்துவிட்டது என்பதே எங்கள் ஊரின் கணக்கு. அந்த நகை அக்காவிடம் எவ்வளவு நாள் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அத்தானுக்குச் சிறுநீரகம் பழுதான வருடத்திலேயே எல்லாம் போயிற்று. அவரும் போனார்.

பத்திரத்தின் மொழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். "யாருடைய தூண்டுதலும் கட்டாயமும் இன்றி, மனப்பூர்வமாகச் சம்மதித்து" என்று வரும். ஆவண எழுத்தர் அந்த வரியைப் படிக்கும்போது குரலை மாற்றவேயில்லை. எத்தனை ஆயிரம் தடவை படித்திருப்பாரோ. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டம் எங்களுடையது, 91.75 விழுக்காடு. அக்காவும் அதில் ஒருத்தி. பத்திரத்தைக் கையில் வாங்கி, எழுத்து எழுத்தாக, இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். படிக்கத் தெரியாததால் யாரும் அவளை ஏமாற்றிவிடவில்லை.

அந்த ஒரே வரியின் கீழ் இரண்டு கையெழுத்துகள். என்னுடையது உண்மை. எனக்கு மாதச் சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு, நாகர்கோவிலில் சொந்த வீடு உண்டு. பதின்மூன்று சென்டை விட்டுக்கொடுப்பதால் என் சாப்பாட்டில் ஒரு பிடி குறையாது. மறுத்திருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தம்பி நாலு மாதம் பேசாமல் இருந்திருப்பான், அவ்வளவுதான். அக்காவின் கையெழுத்து அப்படியானதில்லை. இதை நான் அன்று அறியவில்லை. ஒரு வருடம் கழித்து, மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் அவள் இருந்த வாடகை வீட்டை உரிமையாளர் காலி செய்யச் சொன்ன நாளில்தான் அறிந்தேன்.

"பத்து சென்ட் கிடைத்திருந்தால் அதில் இரண்டு அறை கட்டியிருப்பேன்" என்றாள், வீட்டுச் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே.

"ஏன் அக்கா அன்றைக்குச் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் உன்னோடு நின்றிருப்பேனே."

"சொல்லிவிட்டு எங்கே போவேன்? மகளுக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி என்றால் தாய்மாமன் வந்து நிற்க வேண்டாமா? எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் பிறந்த வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டாமா? உனக்கு வேறு கதவுகள் இருக்கின்றன. எனக்கு அந்த ஒன்றுதான்."

எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் வரவில்லை. இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அதுதான்.

சுதந்திரம், சமத்துவம் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் என்பார்கள். சமத்துவத்தைக் கட்டாயப்படுத்தினால் சுதந்திரம் சுருங்கும், சுதந்திரத்தை அவிழ்த்துவிட்டால் சமத்துவம் சிதையும் என்று ஒரு தராசைக் காட்டுவார்கள். அந்த அலுவலகத்தில் நான் பார்த்தது வேறு. சட்டம் எங்களுக்குச் சமபங்கு தந்தது. அந்தப் பங்கை வைத்துக்கொள்ளவும் விட்டுக்கொடுக்கவும் சுதந்திரமும் தந்தது. இரண்டும் தாளில் குறையில்லாமல் இருந்தன. ஆனால் "முடியாது" என்று சொல்லிவிட்டு வீடு திரும்ப அக்காவுக்கு ஒரு வீடு இல்லை. மறுக்க வழியில்லாதவளிடம் சம்மதம் கேட்பதை நான் சுதந்திரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். காலுக்குக் கீழே கொஞ்சம் சமமான தரை இருந்தால்தான் சுதந்திரம் என்ற அந்தப் பொருள் நிமிர்ந்து நிற்கும்.

இதை எங்கள் மண் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1855-இல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. விலைக்கு விற்கப்பட்டவர்கள், சீதனத்தோடு சேர்த்து அனுப்பப்பட்டவர்கள், அன்றிலிருந்து விடுதலை பெற்றவர்கள். விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் அதே வயலில், அதே உடையவரின் வரப்பில்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால், 1820 வாக்கில், லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற காசைச் சேர்த்து உடையவருக்குக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் இருந்தார்கள். ராஜ்ய விளம்பரத்துக்கு, அதாவது அடிமை முறையை ஒழித்த அரசு அறிவிப்புக்கு, முப்பது வருடம் முன்பே, ஊசி முனையில் அவர்கள் அதைச் சம்பாதித்தார்கள். கையில் ஒரு தொழிலும் சொந்தமாக ஒரு காசும் வந்த பிறகுதான் அவர்களால் வெளியேற முடிந்தது. வகுப்பில் இதை எப்போது சொன்னாலும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டமும் இதே கதைதான். கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது கிறிஸ்தவ நாடார் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணியலாம் என்று உத்தரவானது. மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் மேல்முண்டு போடும் உரிமையை 1829-ஆம் ஆண்டு விளம்பரம் மறுத்தது. 1858 நவம்பரில் விக்டோரியா ராணியின் பிரகடனம் வந்தது. மத வழக்கங்களில் அரசு தலையிடாது என்றது. அதை ஒரு தரப்பார் எப்படிப் படித்தார்கள் தெரியுமா? எங்கள் பழைய வழக்கத்தை நடத்திக்கொள்ள எங்களுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது என்று படித்தார்கள். சந்தைகளில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன. ஒருவரின் வழக்கத்துக்கான சுதந்திரம் இன்னொருத்தியின் தோளில் இருந்த துணி. 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட விளம்பரம், எல்லா மதத்து நாடார் பெண்களும் எந்த விதமாகவும் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. கூடவே ஒரு வாலையும் ஒட்டியது: மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் மட்டும் கூடாது. மறைத்துக்கொள்ளும் சுதந்திரம் உண்டு, சமமாகத் தோன்றும் உரிமை இல்லை. என் பாட்டி சாகும்வரை ரவிக்கையின் கையை முழங்கை தாண்டி வைத்துத்தான் தைத்துக்கொள்வார். கேட்டால், "இது சும்மா கிடைத்ததில்லை மக்களே" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில் இதை நேராகவே எச்சரித்தார். சமத்துவம் இல்லாத சுதந்திரம் பலர் மேல் சிலரின் ஆதிக்கத்தில் முடியும் என்றார். சுதந்திரம் இல்லாத சமத்துவம் தனிமனிதரின் முனைப்பைக் கொன்றுவிடும் என்றார். சகோதரத்துவம் இல்லையென்றால் இரண்டுமே இயல்பாக நடக்காது, போலீஸ்காரரை வைத்துத்தான் நடத்த வேண்டிவரும் என்றார். சகோதரத்துவம் என்ற சொல்லை அக்காவை நினைக்காமல் இப்போது என்னால் வாசிக்க முடியவில்லை.

சரி, கட்டாயப்படுத்தினால் என்ன? மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று சட்டம் போட்டால்? கொஞ்ச காலம் அப்படித்தான் பிடிவாதமாகப் பேசித் திரிந்தேன். உயில் எழுதும் உரிமையையும் எடுத்துவிட வேண்டும் என்றேன். அதற்குக் காரணம் உண்டு. மேரி ராய் தீர்ப்புக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் உயில் எழுதும் அப்பாக்கள் கூடிவிட்டார்கள். சமபங்கு என்பது உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்துக்குத்தானே. ஒரு தாளில் நாலு வரி எழுதினால் மகளின் உரிமை மண்ணோடு மண். தக்கலையில் எனக்கொரு முஸ்லிம் தோழி இருக்கிறாள். அவர்கள் சட்டத்தில் வாரிசுகளின் ஒப்புதல் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. மகளுக்கு மகனில் பாதிதான், ஆனால் அந்தப் பாதியை உயிலால் அழிக்க முடியாது. "உங்களுக்குச் சமபங்கு, அதனால்தான் ஒன்றும் கிடைப்பதில்லை" என்றாள் ஒரு நாள். கோவாவின் சிவில் சட்டத்தில் சொத்தில் பாதியைப் பிள்ளைகளிடமிருந்து உயிலால் பறிக்க முடியாது. அப்படி ஓர் எல்லையை நம் வாரிசுரிமைச் சட்டத்திலும் வைக்க வேண்டும் என்பது இன்றும் என் தீர்மானமான எண்ணம்.

எல்லை வைப்பது சுதந்திரத்தைக் கொல்வது என்று யாராவது சொன்னால் அவர்களை எங்கள் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். விசைப்படகுகள் வந்தபோது கடல் எல்லாருக்கும் பொது, யாரும் எங்கேயும் மீன் பிடிக்கலாம் என்றுதான் நியாயம் பேசப்பட்டது. இழுவை வலை கரையோரத்து அடிமண்ணையே அரித்துக்கொண்டு போனபோது கட்டுமரக்காரருக்கு அந்தப் பொதுக்கடலில் மீனும் இல்லை, வலையும் மிச்சமில்லை. கடலில் மோதல்கள் நடந்தன. 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கு என்று ஒதுக்கியது. இன்றும் மீறுகிறார்கள், இன்றும் சண்டை இருக்கிறது. ஆனாலும் அப்படி ஒரு கோடு இருப்பதால்தான் ஒரு வள்ளக்காரர் வழக்கென்று போனால் சொல்ல ஒரு வாய் இருக்கிறது. வலுத்தவனின் சுதந்திரத்தைக் கொஞ்சம் குறைத்ததில்தான் மெலிந்தவனுக்குக் கடலுக்குப் போகும் சுதந்திரமே மிஞ்சியது.

அப்படியெல்லாம் பேசிக்கொண்டிருந்த என்னை என் அம்மா திகைக்க வைத்துவிட்டாள்.

2019-இல் அம்மா மட்டும் விடுதலை எழுதிக் கொடுக்கவில்லை. "என்னுடையது கிடக்கட்டும்" என்று ஒரே சொல்லில் நிறுத்திவிட்டாள். வயதான காலத்துப் பயம் என்று நாங்கள் நினைத்தோம். இப்போது எண்பத்தொரு வயது. இரண்டு மாதத்துக்கு முன் என்னை அழைத்து, "மக்களே, என் இருபதில் பத்தைப் பெரியவளுக்கு எழுத வேண்டும். கிணற்றை ஒட்டிய பத்து. ஆள் கூட்டிவா" என்றாள். ஏன் அம்மா, மூன்று பேருக்கும் சமமாகத்தானே எழுத வேண்டும் என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். "சமமாக எழுதினால் சமமாகிவிடுமா? அவளுடைய கையைப் பார்த்தாயா?" என்றாள்.

எந்த உரிமையைப் பறிக்க வேண்டும் என்று நான் பேசினேனோ, அதே உரிமையை, தன் சொத்தைத் தன் விருப்பப்படி கொடுக்கும் உரிமையை, வைத்துத்தான் அம்மா அந்தக் கோணலை நிமிர்த்தப் பார்க்கிறாள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. உயில் வேண்டாம், உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடும் தானசெட்டில்மெண்ட்தான் வேண்டும் என்றாள். "நான் கண்ணை மூடினால் உயிலுக்கு வழக்கு வரும். நான் உட்கார்ந்திருக்கும்போது என் முகத்துக்கு எதிரே யார் வருவார்கள்?" உயிலுக்கு எல்லை வேண்டும் என்று நான் இன்னும் சொல்கிறேன். முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று இனிச் சொல்ல மாட்டேன்.

பிரிபடாத சொத்து என்பதால் தம்பியும் பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போட வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. அப்பாவின் கடைசி இரண்டு வருடம் மலமும் மூத்திரமும் அள்ளியது அவனும் அவன் மனைவியும்தான். விட்டுக்கொடுத்த சொத்தை நம்பித்தான் வீட்டை இடித்துக் கட்டினான். அம்மா சொன்னதைக் கேட்டு இரண்டு வாரம் பேச்சு மூச்சில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, வடக்கு ஓரமாக நாலடி வழி விட்டால் போதும் என்றான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான். சர்வேயர் வந்து அளந்தபோது கல் நடுவதற்குக் குழி தோண்டியதும் அவன்தான். பலா மரம் ஒன்று அக்காவின் பக்கம் வந்தது. "அது கிடக்கட்டும், வெட்ட வேண்டாம்" என்றாள் அம்மா திண்ணையிலிருந்து.

வருகிற புதன்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்கிறோம். வாங்குகிறவரின் விரல் ரேகையும் வேண்டும் என்று ஆவண எழுத்தர் சொல்லியிருக்கிறார். மூன்று வாரமாக அக்கா அண்டி ஆபீஸுக்குப் போகவில்லை. கூலி போகிறதே என்று கேட்டதற்கு, வலது கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். கட்டைவிரலின் ஓரத்தில், நகத்தை ஒட்டி, நூல் நூலாக நாலைந்து கோடுகள் திரும்ப வந்திருந்தன.